குப்பையும் சுகாதாரமும்: பல்கலைக்கழக வளாகம் சொல்லித்தரும் பாடம்

கிளென் வேவர்லியில் வாழும் எமது குடும்பங்களில் மொனாஷ் பல்கலைக்கழகத்தோடு ஏதோவொரு தொடர்பு இல்லாத குடும்பம் குறைவு. பிள்ளை அங்கே படிக்கிறது, அல்லது படித்து முடித்துவிட்டது, அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு அங்கே இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறது. எந்தப் பாடநெறிக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்பது எம்மவர்க்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கிளேட்டன் வளாகத்தில் நாள்தோறும் சேரும் குப்பை எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்வோர் அரிது.

சுகாதாரப் பக்கத்தில் குப்பைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வைத்தியர்களாகிய நாம் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். தடுப்பூசிகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வருவதற்கு முன்னரே மனிதரின் ஆயுளைக் கூட்டியவை சுத்தமான குடிநீரும், மலக்கழிவை அகற்றும் குழாய்களும், ஒழுங்காக அள்ளப்பட்ட குப்பையுமே. இன்றும் குப்பை சரியாகக் கையாளப்படாத இடத்தில் முதலில் நிறைவது ஆஸ்பத்திரி வாட்டுகள்தான்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. வீட்டிலும் கல்லூரியிலும் சேரும் குப்பையில் பெரும்பகுதி தனித்தனியாக இருக்கும்வரை ஆபத்து இல்லாதது. ஒன்றோடொன்று கலந்த பின்னர்தான் அது ஆளைக் குத்துகிறது, தீப்பிடிக்கிறது, நாறுகிறது, நோயைப் பரப்புகிறது. ஆகவே குப்பையைப் பிரிக்க வேண்டிய இடம் அது பிறக்கும் இடமே.

வளாகம் ஒரு சிறு நகரம்

மொனாஷ் பல்கலைக்கழகம் 1958 இல் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டு 1961 இல் கிளேட்டனில் கதவு திறந்தது. இன்று அது ஒரு சிறு நகரம் போன்றது. அங்கே விரிவுரை மண்டபங்கள் மட்டுமல்ல, விடுதிகள், உணவுக் கடைகள், மருத்துவ நிலையம், விளையாட்டரங்கு, இரசாயன ஆய்வுகூடங்கள், உயிரியல் ஆய்வுகூடங்கள், தோட்டங்கள், தச்சு மற்றும் இயந்திரக் கூடங்கள் எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

எனவே குப்பையும் பல வகை. உணவுக் கடையில் மிஞ்சிய சோறும் கோப்பிக் கோப்பைகளும் ஒரு வகை. அலுவலகக் கடதாசியும் அட்டைப்பெட்டிகளும் இன்னொரு வகை. தோட்டத்தில் வெட்டிய கிளைகள், பழுதான கணினிகள், உடைந்த கதிரைகள், விடுதி அறையில் தீர்ந்த பற்றரிகள் என்று வரிசை நீளும். அவற்றோடு ஆய்வுகூடத்தில் பயன்படுத்திய ஊசிகள், கிருமி வளர்த்த தட்டுகள், அமிலங்கள், கரைப்பான்கள் என்பனவும் உண்டு.

ஒரு சாதாரண ஊரில் இவை வெவ்வேறு மூலைகளில் பிறக்கும். பல்கலைக்கழகத்தில் இவை ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் பிறக்கின்றன. மூன்றாம் மாடி ஆய்வுகூடத்தின் ஊசி தவறிப்போய் முதலாம் மாடிக் கடதாசித் தொட்டிக்குள் விழுந்தால், அந்தத் தொட்டி முழுவதும் ஆபத்தான கழிவாகிவிடுகிறது. குப்பையைப் பிரித்தல் என்பது ஏன் ஒரு சுகாதார விடயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு நிறத்துக்கு இரண்டு அர்த்தம்

விக்டோரியா மாநிலம் வீட்டுத் தொட்டிகளுக்குப் பொதுவான மூடி நிறங்களை வகுத்துள்ளது. சிவப்பு நிலத்தில் புதைக்கும் குப்பைக்கு, மஞ்சள் மீள்சுழற்சிக்கு, இளம்பச்சை உணவு மற்றும் தோட்டக் கழிவுக்கு, ஊதா கண்ணாடிப் போத்தல்களுக்கு. பழைய நிற மூடிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கலாம்.

ஆனால் ஆஸ்பத்திரியிலும் ஆய்வுகூடத்திலும் இதே நிறங்களுக்கு வேறு அர்த்தம். அங்கே மஞ்சள் என்றால் தொற்று உண்டாக்கக்கூடிய கழிவும் ஊசிகளும். ஊதா என்றால் புற்றுநோய்க்கான நச்சு மருந்துகள் பட்ட கழிவு. சிவப்பு என்றால் கதிரியக்கம். காலையில் ஆய்வுகூடத்தில் மஞ்சள் பெட்டிக்குள் ஊசியைப் போடப் பழகிய பிள்ளை, மதியம் அதே வளாகத்தின் உணவுக்கூடத்தில் மஞ்சள் மூடித் தொட்டிக்குள் பால் போத்தலைப் போடுகிறது. மருத்துவம், தாதியியல், மருந்தாளர் கல்வி, உயிரியல் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: நிறத்தை மட்டும் பார்க்காமல் எழுதியிருப்பதையும் படத்தையும் பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த மாணவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஊசி

எம்மவரிடையே நீரிழிவு மிக அதிகம் என்பது தெரிந்ததே. தெற்காசியருக்கு அது மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, மெலிந்த உடம்பிலும் வருகிறது. ஆகவே இன்சுலின் ஊசி பல வீடுகளில் தேயிலைப் பேணி போலச் சாதாரணமாகிவிட்டது. தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு இன்சுலின் பேனா ஊசிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஊசி எடுப்பது இலகு. போட்ட ஊசியை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். சிலர் யோகட் பேணிக்குள் போட்டு மீள்சுழற்சித் தொட்டியில் போட்டுவிடுகின்றனர். பேணி பிளாஸ்ரிக்தானே என்பது அவர்களின் கணக்கு.

மீள்சுழற்சி நிலையத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் அப்படிச் செய்ய மனம் வராது. லொறி கொட்டிய பொருட்கள் ஓடும் பட்டியில் வருகின்றன. இயந்திரங்கள் பலவற்றைப் பிரித்தாலும், பட்டியின் இரு பக்கமும் மனிதர் நின்று கையால் பொறுக்குகின்றனர். பேணி நசுங்கித் திறந்தால் ஊசி கையுறையையும் துளைக்கும்.

அப்படி ஊசி குத்தியவருக்கு எச்.ஐ.வி. அல்லது ஈரல் அழற்சிக் கிருமி தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் குத்திய ஊசி யாருடையது என்று தெரியாது. எனவே குருதிப் பரிசோதனைகள் மாதக்கணக்கில் தொடரும். அதுவரை அவர் வீட்டில் மனைவியோடும் பிள்ளைகளோடும் எப்படிப் பழகுவது என்ற பயத்தோடு இருப்பார். அந்தப் பட்டியருகில் நிற்பவரும், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தை இரவில் கூட்டுபவரும், பெரும்பாலும் இந்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். அவர் எம்மவராகவும் இருக்கலாம். அகதியாக வந்து முதல் வேலையாகத் துடைப்பத்தைப் பிடித்தவர்கள் எமது சமூகத்தில் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப்பார்த்தால் போதும்.

ஊசியை மூடி மாட்டாமல், வளைக்காமல், துளைக்க முடியாத கெட்டியான ஊசிப் பெட்டிக்குள் நேரே போடுங்கள். பெட்டியைப் பார்மசியில் வாங்கலாம். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, அதை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள். எங்கே ஏற்கிறார்கள் என்பதை உங்கள் மாநகர சபையிடமோ பார்மசியிடமோ கேட்டறியலாம். வளாகங்களிலும் அங்காடிகளிலும் பொதுக் கழிப்பறைச் சுவரில் சிறிய ஊசிப் பெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். நீரிழிவுள்ள மாணவர் வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்க வேண்டாம். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றைக்கே வைத்தியரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ நாடுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஈரல் அழற்சி பி, ஏற்புவலி ஆகியவற்றுக்கான தடுப்பூசி நிலையும் பார்க்கப்படும்.

மிஞ்சிய மருந்து

2018 இல் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மெல்பேர்னைச் சூழவுள்ள 6 நீரோடைகளில் வாழும் பூச்சிகளையும் கரையோரச் சிலந்திகளையும் பிடித்துப் பரிசோதித்தனர். அவற்றின் உடலில் 69 வரையான மருந்துகளின் தடயம் காணப்பட்டது. மன அழுத்த மருந்துகளும் வலி மருந்துகளும் அவற்றுள் அடக்கம். கழிவுநீர் அதிகம் கலக்கும் ஓர் ஓடையில் வாழும் பிளாட்டிபஸ், அந்தப் பூச்சிகளைத் தின்பதால், மனிதருக்குக் கொடுக்கும் மன அழுத்த மருந்தின் ஒரு நாள் அளவில் பாதியைப் பெறக்கூடும் என்று அவர்கள் கணித்தனர்.

இம்மருந்துகளில் பெரும்பகுதி எமது உடலிலிருந்து சலத்தோடு வெளியேறுபவை. அதை நாம் தவிர்க்க முடியாது. ஆனால் வேண்டாத மாத்திரைகளை மலகூடத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர்க்கலாம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கிருமிகளை நன்றாக அழிக்கின்றன. எல்லா மருந்துகளையும் அகற்றுவதற்காக அவை அமைக்கப்படவில்லை.

அவுஸ்திரேலியாவில் எந்தப் பார்மசியிலும் வேண்டாத மருந்துகளைக் கட்டணமின்றித் திருப்பிக் கொடுக்கலாம். அரசாங்கத்தின் நிதியில் இத்திட்டம் 1998 முதல் நடைபெறுகிறது. சேகரித்தவற்றை மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்துவிடுகின்றனர். மருந்தை எங்கே வாங்கினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது கொண்டுவந்து மிஞ்சிய மருந்துகளையும் கொடுக்கலாம். ஊசிகளை மட்டும் அந்தப் பெட்டிக்குள் போடக் கூடாது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. விடுதி அறையிலும் வீட்டு அலுமாரியிலும் பழைய மருந்துகள் குவிந்திருப்பதே ஆபத்து. மனமுடைந்த ஓர் இரவில் கைக்கெட்டும் தூரத்தில் பரசிட்டமோல் பெட்டிகள் நிறைய இருப்பதும் இல்லாதிருப்பதும் ஓர் உயிரின் வேறுபாடாக அமையலாம். இதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பற்றரி

தொலைபேசி, மடிக்கணினி, காதில் மாட்டும் ஒலிவாங்கி, மின்சாரத் துவிச்சக்கர வண்டி, வேப் எனப்படும் மின்சிகரெட் எல்லாவற்றிலும் லிதியம் பற்றரி உண்டு. அதைக் குப்பையில் போட்டால், லொறிக்குள் குப்பையை நசுக்கும்போது பற்றரி உடைந்து தீப்பிடிக்கிறது. பக்கத்தில் கடதாசியும் அட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கழிவு லொறிகளிலும் நிலையங்களிலும் தீ ஏற்பட இது ஒரு முக்கிய காரணமாகிவிட்டது.

மீள்சுழற்சிக்காகக் குவித்து வைத்த பொருள் எரிந்தால் என்ன ஆகும் என்பதை மெல்பேர்னின் வடக்கே கூலாரூ மக்கள் 2017 யூலையில் கண்டனர். அங்கிருந்த நிலையத்தில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. சூழவுள்ள வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது. பிளாஸ்ரிக்கும் கடதாசியும் எரியும் புகையில் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமாவைக் கிளறும், இருதய நோயாளருக்கு மாரடைப்பைத் தூண்டும்.

விக்டோரியாவில் 2019 யூலை 1 முதல் மின் கழிவு எதையும் நிலப்புதைப்புக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது. வயர், சார்ஜர், பழைய றைஸ் குக்கர் எல்லாம் இதில் அடங்கும். பழைய மின் பொருட்களை நொட்டிங் ஹில்லில் பேர்ன்ட்ரீ கலி வீதியில் உள்ள மொனாஷ் மாநகர சபையின் கழிவு நிலையத்தில் ஒப்படைக்கலாம். சிறிய பற்றரிகளைப் பெரிய பல்பொருள் அங்காடிகளில் வைத்துள்ள பெட்டிகளில் போடலாம். போடுமுன் முனைகளில் ஒட்டு நாடா ஒட்டிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஓர் அவசரச் சொல். நாணயம் போன்ற வட்டப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால், அது 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுத் துளைக்கத் தொடங்கும். தீர்ந்துபோன பற்றரியும் இதைச் செய்யும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 13 11 26 என்ற நஞ்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள். மூச்சுத்திணறலோ இரத்தமோ இருந்தால் 000. கழற்றிய பற்றரியை மேசையில் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

சோறும் கறியும்

எல்லாக் குப்பையிலும் சாதுவானது உணவுக் கழிவு என்றுதான் நாம் நினைக்கிறோம். தனியாக இருந்தால் அது உண்மை. மண்ணோடும் காற்றோடும் சேர்ந்தால் அது பசளை. பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி மற்றக் குப்பையோடு ஆழப் புதைத்தால், காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அதைச் சிதைத்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். காற்றில் 5 முதல் 15 வீதம் மீதேன் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும்.

இது தூரத்துக் கதையல்ல. எமது தென்கிழக்குப் புறநகரங்களில் கிளேட்டன் சவுத், டிங்லி, ஹெதர்ட்டன் முதலிய இடங்களில் முன்னர் மணல் அகழ்ந்த பள்ளங்கள் பின்னர் குப்பையால் நிரப்பப்பட்டவை. கிரான்பேர்னில் ஸ்டீவன்சன்ஸ் வீதியிலிருந்த குப்பை நிலம் 2005 இல் மூடப்பட்டது. அதன் அருகே புரூக்லண்ட் கிறீன்ஸ் என்ற குடியிருப்பு எழுந்திருந்தது. நிலத்தடியால் ஊர்ந்த மீதேன் வீடுகளுக்குள் புகுந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2008 செப்டெம்பரில் அங்குள்ள மக்களை வீடுகளைவிட்டு வெளியேறுமாறு அறிவுறுத்தினர். வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கிய வீட்டில் அடுப்பு மூட்டப் பயந்து இருந்தவர்களின் நிலையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். குப்பை மூடப்பட்ட பின்னரும் தன் வேலையை நிறுத்துவதில்லை.

ஊரின் நிலை இதைவிடக் கொடியது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் இறந்தனர். அதன்பின் கொழும்பின் குப்பையைக் கொட்ட இடமின்றித் தெருக்களில் தேங்கியது. அவ்வாண்டு மழையும் சேர, தேங்காய்ச் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் பொலித்தீன் மடிப்பிலும் நுளம்பு பெருகிற்று. 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டனர், 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். டெங்கைப் பரப்பும் நுளம்பு மெல்பேர்னில் இல்லை. ஆனால் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வரும் எமது பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

யாழ்ப்பாணத்தில் மாநகரக் குப்பை நீண்ட காலமாகக் கல்லுண்டாய் வெளியில் கொட்டப்பட்டு வந்துள்ளது. எமது மண் சுண்ணாம்புக்கல் மண். மேலே விழுந்த நீர் வெடிப்புகளூடாக இலகுவில் கீழிறங்கும். அதே நிலத்தடி நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். குப்பையில் ஊறிய நீர் எங்கே போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கலந்த உணவும் பிளாஸ்ரிக்கும் விலங்குகளையும் கொல்கின்றன. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959 இல் அமைந்த சென்னை ஐ.ஐ.ரி. வளாகத்தில் புள்ளிமான்களும் வெளிமான்களும் மாணவர்களோடு வாழ்கின்றன. இறந்த மான்களின் வயிற்றைப் பிளந்து பார்த்தபோது பிளாஸ்ரிக் பைகள் இருந்திருக்கின்றன. மானுக்குப் பிளாஸ்ரிக் பிடிக்கும் என்பதல்ல. பையில் ஒட்டிய சாப்பாட்டின் உப்பும் மணமுமே அதை இழுத்தன. அம்பாறையில் குப்பைமேட்டை நாடிய யானைகளுக்கும் இதுவே நேர்ந்தது.

வளாகங்கள் என்ன செய்கின்றன?

அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பல கடைப்பிடிக்கும் வழிகள் மிக எளியவை. எமது வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, குப்பைக் கணக்கெடுப்பு. ஒரு நாள் சேர்ந்த குப்பையை விரிப்பில் கொட்டி, கையுறை போட்டு, வகைவகையாகப் பிரித்து நிறுக்கின்றனர். எதை அதிகம் எறிகிறோம் என்பது ஊகத்தால் அன்றி நிறுவையால் தெரியவருகிறது.

இரண்டாவது, தனித்த தொட்டி வைப்பதில்லை. எல்லா வகைத் தொட்டிகளையும் ஒரே இடத்தில் வரிசையாக, படத்தோடு வைக்கின்றனர். தனியே நிற்கும் தொட்டி எதுவானாலும் அதற்குள் எல்லாம் விழும்.

மூன்றாவது, மேசைக்குக் கீழேயிருந்த சிறு கூடையை எடுத்துவிடுகின்றனர். எழுந்து நடந்து போய்ப் போட வேண்டியிருந்தால் மனிதர் யோசித்துப் போடுகின்றனர். நாளெல்லாம் கதிரையில் இருப்பவருக்கு அந்த நடை வைத்தியர் சொன்ன மருந்து போன்றது.

நான்காவது, குப்பையைப் பிறக்கவிடாமலே தடுப்பது. கழுவிப் பாவிக்கும் தட்டு, சொந்தக் கோப்பை, தண்ணீர் நிரப்பும் குழாய் என்பன அப்படிப்பட்டவை. கோப்பிக் கடையின் கடதாசிக் கோப்பைக்குள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டியிருப்பதால் அதைக் கடதாசியோடு சேர்க்க முடியாது. வீட்டிலிருந்து சாப்பாட்டைச் சில்வர் பெட்டியில் கட்டிக் கொடுக்கும் அம்மாமார் இந்த நான்காவது வழியின் மூத்த ஆசிரியைகள். அந்தச் சாப்பாட்டில் எண்ணெயும் உப்பும் கடைச் சாப்பாட்டைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருட முடிவில்

நவம்பர், டிசம்பரில் பரீட்சை முடிந்து மாணவர் வீடு மாறும் காலத்தில் கிளேட்டன், நொட்டிங் ஹில், கிளென் வேவர்லித் தெருவோரங்களில் மெத்தை, மேசை, சட்டி பானை, றைஸ் குக்கர் கிடப்பதைக் காணலாம். சபையிடம் சொல்லாமல் தெருவில் போடுவது சட்டவிரோதம். மழையில் நனைந்த மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், எலி குடியேறும்.

மூன்று மாதம் கழித்து பெப்ரவரியில் புதிய மாணவர் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து இறங்குகின்றனர். அவர்கள் காசு கொடுத்து வாங்குவதும் அதே மேசை, அதே குக்கர்தான். இடையில் வேண்டியது மூன்று மாதம் வைக்க ஓர் இடமும், இரு பக்கத்தையும் அறிந்த ஒருவரும். கார்க் கொட்டிலில் இடமுள்ள குடும்பங்கள் எமது சங்கத்தில் உள்ளன. வயர் தேய்ந்த மின் பொருட்களையும் மூட்டைப்பூச்சி சந்தேகமுள்ள மெத்தையையும் மட்டும் ஏற்கக் கூடாது.

எங்கள் மண்டபம்

இறுதியாக எம்மிடமே வருவோம். பொங்கல், கலைவிழா, தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா எல்லாவற்றின் முடிவிலும் நாம் காண்பது கறுப்புப் பைகளின் குவியல். பைக்குள்ளே சோறு, கோழி எலும்பு, தட்டு, தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் பலூன், யாரோ போட்ட பற்றரி எல்லாம் ஒன்றாக. மேலே சொன்ன எல்லா ஆபத்துகளுக்கும் அந்த ஒரு பையே போதும்.

விக்டோரியாவில் 2023 பெப்ரவரி 1 முதல் ஒருதடவை பாவிக்கும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், ரெஜிபோம் உணவுப் பெட்டி என்பன விற்கவோ வழங்கவோ தடை செய்யப்பட்டுள்ளன. சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 நவம்பர் 1 முதல் குளிர்பானக் கான்களையும் போத்தல்களையும் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 10 சதம் கிடைக்கிறது. 300 பேர் வரும் விழாவில் ஆளுக்கு இரண்டு கான் என்றால் 60 டொலர். பிள்ளைகள் சேகரித்தால் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

வாழையிலையும், கூழுக்குப் பனையோலைப் பிளாவும், தட்டுவமும் எமது வீட்டில் இருந்தவையே. அவற்றை வளவின் மூலையில் போட்டோம், மண்ணாயிற்று. இங்கே வாழையிலை விலை கூட. கழுவிப் பாவிக்கும் தட்டுகளை ஒருமுறை வாங்கி வைத்தால் பல விழாவுக்கு உதவும். மக்கும் என்று எழுதிய தட்டுகளை வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: அவை எல்லாவற்றையும் பசுமைத் தொட்டி ஏற்பதில்லை. சபையிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். உணவுக் கழிவை மட்டும் தாராளமாகப் போடலாம்.

வருகிற விழாவுக்கு நாம் முன்வைப்பது மிகச் சிறிய திட்டம். மண்டபத்தின் இரு வாசலிலும் மூன்று தொட்டிகள் சேர்த்து வைப்போம்: உணவு, கான் மற்றும் போத்தல், மற்றவை. ஒவ்வொன்றின் மேலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், பக்கத்தில் படம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெரியவரும் ஒரு பல்கலைக்கழக மாணவரும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். பற்றரிக்கும் ஊசிக்கும் அங்கே இடமில்லை, அவற்றை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். விழா முடிந்ததும் மூன்றையும் நிறுப்போம். அந்த எடையை அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

வாசலில் நிற்க இரு பெரியவர்களும் இரு மாணவர்களும், தராசு ஒன்றும், வருட முடிவுப் பொருட்களை வைக்கக் கார்க் கொட்டிலில் கொஞ்ச இடமும் தேவை. இயன்றவர்கள் நிர்வாகக் குழுவினரிடம் பெயரைக் கொடுங்கள்.